தலையசைப்பு

எட்டு நிமிடம் மணி அடிக்கும்.
அதற்குள் வந்தால் வாக்கு,
வராவிட்டால் கதவு.
எங்கள் அரசியல் சாசனத்தில்
எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்.
மற்றதை யாரும் ஒரே புத்தகமாக எழுதிவைக்கவில்லை.
வழக்கம் என்பார்கள்,
மழை வந்தால் குடை என்பதைப் போல.

அந்த மார்ச்சில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை.
தொங்கு நாடாளுமன்றம்.
உண்மையில் தொங்கியது நாங்கள்,
துணைக் கொறடாக்கள் ஐந்து பேர்,
நள்ளிரவுத் தொலைபேசியின் சுருள் கம்பியில்.
யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் காதலி,
யார் கடைசி ரயிலில், யார் கடைசிக் கோப்பையில்.

கொறடாவிடம் சாட்டை கிடையாது,
ஒரு தாள் உண்டு.
ஒரு கோடு போட்டால், வந்தால் நல்லது.
இரண்டு போட்டால், வா, அல்லது
எதிர்வரிசையில் வராத ஒருவனை ஜோடி பிடி.
மூன்று கோடு என்றால்
செத்தாலொழிய வந்தாக வேண்டும்.

எல்வின் ப்ராதெரோ இன்னும் சாகவில்லை.

ஜோடியும் அன்று கிடைக்காது.
முந்தின வாரம் எங்களில் ஒருவன்
வாக்குத் தவறி வாக்களித்திருந்தான்.
ஆகவே க்ளின்மோர் மருத்துவமனையிலிருந்து
ஐந்து மணி நேரம்
வேல்ஸைக் கடந்து, மழையைக் கடந்து
ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்றது
பெரிய கடிகாரத்தின் கீழே, கல் முற்றத்தில்.

சுவருக்குள் இருக்க வேண்டும்.
உயிரோடு இருக்க வேண்டும்.
இரண்டும் சரியென்றால்
கொறடா தலையசைத்தால் போதும்,
படுத்திருப்பவர் நடந்துபோய் வாக்களித்ததாகக் கணக்கு.

சரிபார்க்க வந்தார் ஹ்யூகோ ஃபேன்ஷா,
மாட்சிமை தங்கிய அரசியின்
விசுவாசமான எதிர்க்கட்சியின் துணைக் கொறடா.
தொப்பியைக் கழற்றினார்.
கண்ணாடியில் படிந்த மூச்சைப் பார்த்தார்.
"இருக்கிறார்," என்றார், கொஞ்சம் மகிழ்ச்சியாகவே,
தம் ஆட்களை எண்ண ஓடினார்.

நான் ஒரு நிமிடம் நின்றேன்.
எந்த மசோதா என்று எல்வின் கேட்டார்.
கிளை ரயில் பாதைகள் மூடல், மூன்றாம் வாசிப்பு, என்றேன்.
க்ளின்மோர் பெட்டியில்
இருபத்திரண்டு வருடம் சிக்னல் இழுத்த கை
போர்வைக்கு மேல் கிடந்தது.
முகமூடியை விலக்கி, "இல்லை," என்றார்.

தண்ணீர் வேண்டுமா என்று
தாதி கேட்டதும் அதே கணம்தான்.

மணி நின்றுகொண்டிருந்தது.
படிகளில் ஏறினேன்.
எண்ணுபவன் என் முகத்தைப் பார்த்தான்.
பூம்பூம் மாட்டுக்குக் கொம்பில் துணி கட்டுவார்கள்,
எனக்குக் கழுத்தில் பட்டு டை.
தலை
தானாக ஆடியது.

ஆம் என்போர் வலப்பக்கம், இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.
இல்லை என்போர் இடப்பக்கம், இருநூற்றுத் தொண்ணூறு.

நான் சும்மா நின்றிருந்தால் சமம்.
சமமானால் சபாநாயகர்
இருப்பது இருக்கட்டும் என்ற பக்கம் சாய்வார்.
அதுவும் வழக்கம்தான்.
அந்த இரவு ஒரு மனிதன் தலையைச் சொறிந்திருந்தால்கூட
க்ளின்மோருக்கு ரயில் போயிருக்கும்.

ஏப்ரலில் இடைத்தேர்தல்.
டெபாசிட் தப்பியது, தொகுதி போயிற்று.
சவ அடக்கத்துக்குப் பேருந்தில் போனேன்.
தண்டவாளத்தைக் கழற்ற
அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.
அவர் மகள் மெகன் என்னிடம்,
"கடைசிவரை வாக்களித்தார் இல்லையா," என்றாள்.
பழகிய கழுத்து. ஆட்டினேன்.

இப்போது நான் பிரபு.
பச்சைத் தோல் இருக்கை போய்ச் சிவப்புத் தோல்.
பிரபுக்கள் சபையில் ஆம் என்றோ
இல்லை என்றோ சொல்வதில்லை.
திருப்தி ஒரு வாசல்,
திருப்தியின்மை ஒரு வாசல்.

மணி அடிக்கிறது.
முழங்கால் வலி, ஆனால் எட்டு நிமிடம் தாராளம்.
மேசையில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள்.
வேண்டுமா என்கிறான் பணியாள்.

இன்னும் பதில் சொல்லவில்லை.